ஃபேஸ்வாஷ் பின்பக்கம் படிக்கத் தெரிஞ்சவங்க ஹெல்ப் பண்ணுங்க, முகம் இழுத்துப் பிடிக்குது

கோவைப்பொண்ணு24:
வணக்கம் எல்லாருக்கும். வேலைக்காக கோயம்புத்தூர்லேருந்து சென்னை வந்து ஏழு மாசம் ஆகுது, வேளச்சேரி பக்கம் ஹாஸ்டல், குளிக்கிறது முகம் கழுவுறது எல்லாமே போர் தண்ணிதான். ஊர்ல சிறுவாணி தண்ணில வீட்ல எந்த சோப்பு கிடக்குதோ அதைப் போட்டு கழுவுவேன், ஒரு பிரச்சனையும் வந்ததில்ல. இங்க வந்ததுலேருந்து கழுவி துடைச்ச ரெண்டு நிமிஷத்துல கன்னம் ரெண்டும் இழுத்துப் பிடிக்குது, சிரிச்சா எரியுது, ஆனா மத்தியானம் பாத்தா மூக்கும் நெத்தியும் எண்ணெய் வழியுது, தாடைல பருவும் வருது. இப்போ எங்கிட்ட மூணு இருக்கு. ஒண்ணு சார்கோல் போட்டது, நல்லா நுரை வரும், பின்னாடி தண்ணி, மைரிஸ்டிக் ஆசிட், கிளிசரின், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, ஸ்டியரிக் ஆசிட், லாரிக் ஆசிட்னு ஆரம்பிச்சு கடைசில ஃபினாக்ஸிஎத்தனால், சார்கோல், நியாசினமைட், பர்ஃப்யூம்னு முடியுது. ரெண்டாவது சல்ஃபேட் ஃப்ரீன்னு பெருசா போட்டிருக்கு, அதுல தண்ணிக்கு அடுத்து சோடியம் சி14-16 ஓலிஃபின் சல்ஃபோனேட், சாலிசிலிக் ஆசிட் 2%. மூணாவது ரூம்மேட் குடுத்தது, வெள்ளையா லோஷன் மாதிரி, நுரையே வராது, தண்ணி, கிளிசரின், சீட்டைரில் ஆல்கஹால்னு இருக்கு. ஆல்கஹால்னு பாத்ததும் பயந்து தொடவே இல்ல. இதுல எதை வச்சுக்கறது எதை தூக்கிப் போடறது, ப்ளீஸ் யாராச்சும் சொல்லுங்க.

லேப்ல_இருக்கேன்:
தங்கச்சி, லிஸ்ட்டை டைப் பண்ணி போட்டது ரொம்ப நல்லது, நிறைய பேர் முன்பக்க போட்டோ மட்டும் போட்டுட்டு கேப்பாங்க, அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நான் காஸ்மெட்டிக்ஸ் ஃபார்முலேஷன்ல எட்டு வருஷமா இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல் பாட்டில் ட்யூப்ல இருந்தாலும் அது சோப்புதான். மைரிஸ்டிக், ஸ்டியரிக், லாரிக் இதெல்லாம் கொழுப்பு அமிலம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரம், ரெண்டும் சேந்தா பொட்டாசியம் சோப்பு, அவ்வளவுதான். எந்த ட்யூப்ல இந்த ஜோடியைப் பாத்தாலும் உள்ள இருக்கறது சோப்புன்னு எடுத்துக்கலாம். சோப்போட பிஹெச், அதாவது அமிலமா காரமான்னு காட்டற அளவு, 9, 10 பக்கம் நிக்கும், நம்ம தோல் 5 பக்கம். நாலு நம்பர்தானேன்னு தோணும், ஆனா பிஹெச்ல ஒவ்வொரு நம்பருக்கும் பத்து மடங்கு, அப்போ நாலு நம்பர்னா பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். அதை சரி பண்ணிக்க தோலுக்கு சில மணி நேரம் ஆகும், நீங்க அதுக்குள்ள அடுத்த தடவை கழுவிடுவீங்க. இதுக்கு மேல போர் தண்ணி வேற. அதுல இருக்கற கால்சியமும் மக்னீசியமும் சோப்போட சேந்து கரையாத ஒரு படிவா மாறிடும், பக்கெட் ஓரத்துல வெள்ளையா படியுதே அதேதான் கன்னத்துலயும் உக்காருது. சிறுவாணி மாதிரி மென்மையான தண்ணில சோப்பு இந்த வேலையைக் காட்டாது, அதான் ஊர்ல உங்களுக்கு ஒண்ணும் தெரியல.

அந்த லிஸ்ட்ல ஃபினாக்ஸிஎத்தனால் எங்க இருக்குன்னு பாருங்க. அது கெட்டுப்போகாம இருக்க போடறது, 1 சதவீதத்துக்கு மேல போட அனுமதி இல்ல. லிஸ்ட்ல அதிகமா இருக்கறதுலேருந்து குறைவா இருக்கறது வரைக்கும் வரிசையா எழுதணும், 1 சதவீதமும் அதுக்குக் கீழயும் உள்ளதை மட்டும் கடைசில எப்படி வேணா மாத்தி எழுதலாம். அப்போ அதுக்குப் பின்னாடி வர்ற சார்கோல், நியாசினமைட் எல்லாமே 1 சதவீதத்தை தாண்டாது. அதுவும் முகத்துல அரை நிமிஷம் இருந்துட்டு தண்ணியோட போயிடுது. அதுக்குத்தான் முன்பக்கம் அவ்வளவு பெரிய எழுத்து, எனக்கு இது உண்மையிலேயே கோபம் வர்ற விஷயம்.

ரெண்டாவதுல சல்ஃபேட்ங்கற நுரை வர்ற, எண்ணெயை இழுக்கற பொருள் இல்லங்கறது உண்மை. ஆனா ஓலிஃபின் சல்ஃபோனேட்டும் நல்லா எண்ணெயை இழுக்கற ஆளுதான், சல்ஃபேட் ஃப்ரீன்னா மைல்டுன்னு அர்த்தமே இல்ல. சாலிசிலிக் ஆசிட் எண்ணெயில கரையும், அதனால துவாரத்துக்குள்ள போய் அடைப்பை இளக்கும், பருவுக்கு நல்லதுதான், தூக்கிப் போட வேண்டாம். வாரத்துல ரெண்டு ராத்திரி போதும், கன்னத்தை விட்டுட்டு மூக்கு, நெத்தி, தாடைக்கு மட்டும். இப்போ எரிச்சல் இருக்கறப்போ அதுவும் வேண்டாம், ஆறட்டும்.

நீங்க பயந்த மூணாவதுதான் உங்களுக்கு வேணும்! சீட்டைரில் ஆல்கஹால் ஸ்பிரிட் மாதிரி கிடையாது, மெழுகு மாதிரி கெட்டியான பொருள், தோலை மெத்துன்னு வைக்கும். காய வைக்கறது எத்தனால், லிஸ்ட்ல அது ஆல்கஹால் டினாட்னு இருக்கும். நுரை வரலைன்னா அழுக்கு போகலைன்னு நினைக்காதீங்க, நுரைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தம் கம்மி.

மதுரை_சாந்தியக்கா:
கண்ணு, இந்த ஆசிட் கணக்கெல்லாம் எனக்கு தெரியாது, ஆனா எங்க வீட்ல மூணு தலைமுறையா பயத்தமாவுதான், என் மக காலேஜ் போறா அவளும் அதான் போடறா. பச்சைப்பயறை வெயில்ல காயவச்சு கஸ்தூரி மஞ்சள் கொஞ்சம் சேத்து மில்லுல குடுத்து அரைச்சு வச்சுக்கோ, கடையில எதையும் வாங்காத. எண்ணெய் வழியுற எடத்துக்கு எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டு விட்டுக்க.

லேப்ல_இருக்கேன்:
அக்கா, பயத்தமாவு நல்ல பொருள்தான், எண்ணெயை உறிஞ்சிக்கும், வாசனைன்னு தனியா எதுவும் சேக்கறதில்ல. மெல்லிசு துணில சலிச்சுக்கணும், குருணை இருந்தா பரு மேல தேய்க்கறப்போ கீறிடும். ஆனா எலுமிச்சை மட்டும் வேண்டாம்க்கா, கெஞ்சிக் கேக்கறேன். அதோட பிஹெச் 2 பக்கம், சோப்பு ஒரு பக்கம் இழுத்தா இது அந்தப் பக்கம் இழுக்கும். அதுவும் எலுமிச்சை சாறு தோல்ல இருக்கறப்போ வெயில் பட்டா தீக்காயம் மாதிரி கொப்புளம் வந்து கறுத்துப் போயி மாசக்கணக்குல நிக்கும்.

மதுரை_சாந்தியக்கா:
அது சரி தம்பி, என் நாத்தனாருக்கு நெத்தில அப்படித்தான் கறுப்பு வந்துச்சு, வெயில்னு நினைச்சுட்டு இருந்தோம். கண்ணு, எலுமிச்சை வேண்டாம்.

பைக்ல_சுத்துறவன்:
ஒரு டவுட் ப்ரோ, நான் நாள் பூரா பைக்ல டெலிவரி, புகை தூசி வேர்வை எல்லாம் முகத்துலதான், சன்ஸ்கிரீனும் போடறேன். அந்த நுரை வராத லோஷன்லாம் எனக்கு பத்துமா? அப்புறம் மெடிக்கல்ல பென்சாயில் பெராக்சைடு வாஷ் குடுத்தாங்க, நீலத்துண்டு எல்லாம் திட்டுத்திட்டா வெளுத்துப் போச்சு, தோலையும் அப்படி பண்ணுமோன்னு பயமா இருக்கு.

லேப்ல_இருக்கேன்:
துணி சாயத்தைத்தான் வெளுக்கும் ப்ரோ, தோல் நிறத்தை இல்ல, வெள்ளைத் துண்டு வச்சுக்கோங்க, தலையணை உறையும் வெள்ளையா இருக்கட்டும். பரு கிருமியைக் கொல்லும், அதுக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம் முகத்துல விட்டு கழுவணும். பரு இல்லைன்னா தேவையே இல்ல. உங்களுக்கு லோஷன் மட்டும் பத்தாது. ராத்திரி மட்டும் நுரை வர்ற மைல்டான ஒண்ணு, லிஸ்ட் ஆரம்பத்துல சோடியம் கோகோயில் ஐசெதியோனேட்டோ கோகோ குளுகோசைடோ பாத்து வாங்குங்க. ரெண்டும் தேங்காயெண்ணெய் வழியா வர்றது, போர் தண்ணி மாதிரி கடின தண்ணிலயும் சோப்பு மாதிரி படியாது. காலைல வெறும் தண்ணி போதும்.

கோவைப்பொண்ணு24:
அண்ணா, அக்கா, மூணு வாரம் கழிச்சு எழுதறேன். சார்கோலை நிறுத்திட்டேன், வெள்ளை லோஷன்தான் ரெண்டு வேளையும். இழுத்துப் பிடிக்கறது நாலாவது நாளே நின்னுடுச்சு, சிரிச்சா எரியுறதும் போச்சு, நம்பவே முடியல. போன வாரத்துலேருந்து சாலிசிலிக்கை வியாழனும் ஞாயிறும் தாடைல போடறேன், புதுசா ரெண்டே பருதான் வந்துச்சு. ஆனா மத்தியானம் எண்ணெய் மட்டும் அப்படியேதான் வருது, அதுக்கு ஏதாச்சும் மாத்தணுமா?

லேப்ல_இருக்கேன்:
சந்தோஷம்மா. எண்ணெய் சுரக்கறது ஹார்மோன் கணக்கு, எந்த ஃபேஸ்வாஷும் அதை நிறுத்தாது, அதுக்காக மூணாவது தடவை கழுவ ஆரம்பிச்சுடாதீங்க. ஆபீஸ்ல டிஷ்யூ வச்சு ஒத்தி எடுங்க. தாடைப்பரு பீரியட்ஸ் நேரத்துல கூடுதா, பீரியட்ஸ் தள்ளித்தள்ளி வருதான்னு ரெண்டு மாசம் குறிச்சு வைங்க, அப்படி இருந்தா அந்த நோட்டோட ஒரு தோல் டாக்டரைப் பாத்துடுங்க. மீதி இருக்கற சார்கோல் ட்யூபை கை கழுவ வச்சுக்கலாம்.