அட்டைப்படத்து இடுப்பும் நம் ஊர் அளவு ஜாக்கெட்டும்: உங்கள் அனுபவம் என்ன?

பாலக்கோட்டுக்காரி

பத்திரிகையில் நடிகை படத்தைப் பார்த்துவிட்டுத் தன் உடம்பை நினைத்துக் கூசியவர்கள், பட்டினி கிடந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

1999இல் பத்தாவது படித்தேன். தெருவில் ஒரு சித்தி வாரப் பத்திரிகை வாங்குவார். ஐந்து வீடு சுற்றி எங்களிடம் வரும்போது அட்டை கழன்றிருக்கும், நடுப்பக்கம் இருக்கவே இருக்காது. (எந்த வீட்டு அண்ணன் கிழித்தான் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை.) எனக்கு வேண்டியது அழகுக் குறிப்புதான். ஒரு நடிகை காலையில் பப்பாளி, ராத்திரி இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்வார் என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் சப்பாத்தி என்பதே விருந்தாளி வந்தால்தான். ராத்திரிக்குக் களியும் கீரைக் கடைசலும். சரி, சப்பாத்திக்கு வழியில்லை, களியையாவது விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். உருண்டையைத் தட்டில் வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் ஆட்டுக்கு வைத்துவிடுவேன்.

மூன்று வாரம் ஓடியது. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயரில் மயங்கி விழுந்தேன். நர்ஸ் அக்கா கண் இமையை இழுத்துப் பார்த்து ரத்தம் கம்மி என்றார். ஆனால் விஷயத்தைக் கண்டுபிடித்தது வீட்டில் என் ஆயாதான், அதாவது பாட்டி. "பொண்ணு வத்திப் போவுது, ஆடு மட்டும் எப்படிடி கொழுக்குது?" வேறு வழியில்லாமல் பத்திரிகையைக் காட்டினேன். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தது. "நல்லாத்தான் இருக்குது. இது களை வெட்டப் போவுதா, தண்ணி சேந்தப் போவுதா? உனக்கு நாளைக்கு ரெண்டும் இருக்குது, தின்னு."

தின்றேன். ஆனாலும் கண்ணாடி முன்னால் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிற பழக்கம் கல்யாணம் வரைக்கும் போகவில்லை.

காவேரிப்பட்டணம் டெய்லரக்கா

முப்பது வருஷத்துக்கு மேல் மெஷின் மிதிக்கிறேன். பத்திரிகையில் யார் படம் வருகிறது என்பது எனக்கு வருகிற ஜாக்கெட்டிலேயே தெரிந்துவிடும்.

நான் தொழில் பழகிய 1990களின் ஆரம்பத்தில் எல்லாம் குஷ்பு மயம். பஃப் கை வைக்கச் சொல்வார்கள். இட்லிக்கே அவர் பெயரை வைத்த காலம். அப்போது ஒல்லியாக இருப்பவள் பாடுதான் திண்டாட்டம். என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் "கொத்தவரங்கா வத்தல் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா தினமும் ஊறவைத்த வேர்க்கடலையும் முட்டையும் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் ஏறவில்லை. எப்படியோ கல்யாணம் நடந்தது.

1997இல் சிம்ரன் தமிழுக்கு வந்தார். அப்புறம் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் இடுப்பு. "நல்லாப் பிடிச்சுத் தைங்க்கா" என்று அதே ஊர்ப் பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அதற்குள் என் அக்காவுக்கு இரண்டு பிள்ளை பிறந்து, அம்மா ஆசைப்பட்டபடியே பூசினாப்போல ஆகியிருந்தாள். புருஷன் வீட்டில், "சிம்ரன் வயசுதான் உனக்கும், உன் இடுப்பைப் பாரு" என்றார்களாம். பாவம், அவள் இரண்டு தடவையும் தப்பான அளவிலேயே மாட்டினாள்.

ரவுண்டானா ஸ்டுடியோ

நான் ஆண்தான், ஆனால் இதில் எனக்கும் பங்கு இருக்கிறது. கிருஷ்ணகிரியில் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுகிறேன். போட்டோஷாப்பில் லிக்விஃபை என்று ஒன்று உண்டு. இடுப்பையோ கையையோ மவுஸால் தள்ளினால் மாவைப் பிசைவதுபோல உள்ளே போகும். அட்டைப்படத்தில் பார்க்கிற பல இடுப்புகள் இப்படி வந்தவைதான். கேட் வின்ஸ்லெட் என்ற ஹாலிவுட் நடிகையை 2003இல் ஜிக்யூ பத்திரிகை அட்டையில் இப்படித்தான் மெலிய வைத்தார்கள். நான் அப்படி இல்லை, அப்படி இருக்க ஆசையும் இல்லை என்று அவரே சொன்னார். பிரான்ஸில் 2017 அக்டோபரிலிருந்து விளம்பரப் படத்தில் மாடலின் உடம்பை ஒல்லியாகவோ குண்டாகவோ மாற்றினால், திருத்திய படம் என்று அச்சிட்டே ஆக வேண்டும்.

இங்கே அதெல்லாம் இல்லை. பெண்ணின் அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "கைய இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணு தம்பி" என்பார். ஒருமுறை அப்படிக் கம்மி பண்ணியதில் பின்னால் இருந்த மண்டபத் தூணும் சேர்ந்து வளைந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. ஆல்பம் போன வீட்டில் மாப்பிள்ளையின் பாட்டி கேட்டாராம்: "மண்டபம் ஏன்யா சாயுது?" மறுநாள் அந்தப் பெண்ணே கடைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். "என் கை இருந்தபடியே போட்டுக் கொடுங்கண்ணா. தெரிஞ்சவங்க பார்த்தா சிரிக்கிறாங்க" என்றார். பக்கத்தை மாற்றிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

ஓசூர் ஷிப்ட்

எங்கள் ஹாஸ்டலில் இப்போது யாரும் பத்திரிகை வாங்குவதில்லை. போன்தான். அதில் நடிகை இல்லை, நம் செல்ஃபியே ஃபில்டரில் ஒல்லியாக, வெள்ளையாக வருகிறது. என் ரூம்மேட் ஃபில்டர் இல்லாத தன் படத்தைப் பார்த்து அழுதாள். நடிகையைப் பார்த்து அழுதாலாவது அவள் வேறு, நாம் வேறு என்று சமாதானம் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது?

பாலக்கோட்டுக்காரி

ஓசூர் தங்கச்சி, அந்தப் பெண் சாப்பிடுகிறாளா என்று மட்டும் பார்த்துக்கொள். உங்கள் ஹாஸ்டலில் ஆடு இருக்காது.

டெய்லரக்கா, ஒன்று கேட்க வேண்டும். பிடித்துத் தைக்கச் சொல்கிறவர்களுக்கு நிஜமாகவே அப்படியே தைத்துவிடுவீர்களா?

காவேரிப்பட்டணம் டெய்லரக்கா

தைப்பேன். உள்ளே ஒரு இன்ச் துணி மடித்து விட்டிருப்பேன், அவர்களிடம் சொல்வதில்லை. பொங்கலுக்குத் தைத்தது ஆடிக்குள் பிரிக்க வந்துவிடும். பிரிக்க இருபது ரூபாய்.