வாசலில் வைத்துவிட்டு ஓடும் ஹாலோவீன் கூடை: வேர்க்கடலை போடலாமா?

எடிசன்_மீனா: வாட்ஸப்பில் ஒரு அறிவுரை சுற்றுகிறது. "ஹாலோவீன் பூ பாஸ்கெட் (மலர் இல்லை, பேய் பயமுறுத்தும் 'Boo!') செய்வது ரொம்ப சுலபம். மிக்ஸட் சாக்லேட் மூட்டை ஒன்றை வாங்கிப் பிரித்துச் சின்னக் கூடைகளில் போட்டு, பக்கத்து வீட்டு வாசலில் வைத்து பெல் அடித்துவிட்டு ஓடுங்கள். பேர் எழுதவே கூடாது, அதில்தான் த்ரில்" என்று. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மூட்டையில் ரீஸஸ் இருக்கும், ஸ்னிக்கர்ஸ் இருக்கும். இரண்டிலும் வேர்க்கடலை; அது ஒவ்வாத பிள்ளைகள் உண்டு. யார் வைத்தது என்றே தெரியாத கூடைக்குள் முதலில் கை விடுவது வீட்டின் கடைக்குட்டிதான். வேர்க்கடலை போடாதீர்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஃப்ரிஸ்கோ_பாலா: அதை எழுதினது நான்தான். நேராவே திட்டலாமே மேடம். கடலை இருந்தா லேபிளில் போடணும்னு 2004லயே அமெரிக்காவில் சட்டம் போட்டாச்சு. படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுக்குவாங்க. எங்க தெருவில் அக்டோபர் பிறந்ததுமே ஆரம்பிச்சிடும். கூடை வந்த வீடு ரெண்டு நாளுக்குள் வேற ரெண்டு வீட்டுக்கு வைக்கணும். 'எங்களுக்கு வந்தாச்சு'ன்னு கதவில் பேய்ப்படம் ஒட்டிட்டா அந்த வீட்டை விட்டுடுவோம். இதுவரை ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகலை.

எடிசன்_மீனா: லேபிள் இருப்பது மூட்டையில். அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தானே கூடை கட்டுகிறீர்கள்? உள்ளே இருக்கும் குட்டி சைஸில் பல நேரம் பிராண்ட் பெயர்தான் இருக்கும், என்ன சேர்த்தார்கள் என்ற விவரம் இருக்காது. பெரிய சைஸில் இல்லாத சேர்மானம் குட்டி சைஸில் இருப்பதும் உண்டு. ஒவ்வாமை உள்ள பிள்ளையின் அம்மாவைக் கேளுங்கள், எபிபென் என்ற அவசர ஒவ்வாமை ஊசி இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டாள். அவளை லேபிள் படிக்கச் சொல்கிறீர்கள், லேபிளையே தராமல்!

ஸ்கார்பரோ_தர்ஷன்: கடலையை விடுங்கோ. எங்கட பக்கம் இரவிலை சாப்பாட்டுச் சாமான் வெளியிலை வைச்சா ரக்கூன் எண்ட காட்டுப் பிராணி விடாது. விடியப் பார்த்தா வெறுங்கூடைதான் கிடக்கும்.

ஃப்ரிஸ்கோ_பாலா: மெயில்பாக்ஸுக்குள்ள வையுங்க பிரதர்.

சான்ஹோசே_விஜி: தயவுசெய்து வேண்டாம். ஸ்டாம்ப் ஒட்டாத எதையும் மெயில்பாக்ஸில் போடக் கூடாதென்று ஃபெடரல் சட்டமே இருக்கிறது. சட்டம் பேசும் பாலா சாருக்கு இது மட்டும் தெரியாதா? அதோடு விலங்குகளின் தோல், எலும்பில் எடுக்கும் ஜெலட்டினை யாருமே சொல்லவில்லையே. மார்ஷ்மெல்லோ, கம்மி பேர் எல்லாம் பெரும்பாலும் ஜெலட்டின்தான். சைவக்காரர் வீட்டு வாசலில் அதை வைப்பது மட்டும் சரியா?

ஸ்கார்பரோ_தர்ஷன்: அக்கா, நான் கனடா. உங்கட ஃபெடரல் சட்டம் எனக்கு என்னத்துக்கு?

எடிசன்_மீனா: ஜெலட்டினுக்குத் தனி இழை தொடங்குங்கள் விஜி. இங்கே பேச்சு வேர்க்கடலை. ஃபேர் என்ற உணவு ஒவ்வாமை அமைப்பு 2014ல் நீலப்பச்சைப் பூசணித் திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனது. வாசலில் அந்த நிறத்தில் பூசணி இருந்தால், அங்கே தின்பண்டம் இல்லாத பரிசும் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நானும் அப்படித்தான் கட்டுகிறேன். டாலர் கடையில் வாங்கிய ஆரஞ்சு வாளி, அடியில் டிஷ்யூ பேப்பர் கசக்கிப் போட்டு மேலே இருட்டில் ஒளிரும் வளையல், சோப்புக்குமிழி பாட்டில், ஸ்டிக்கர், பிசைந்து விளையாடும் ப்ளே-டோ மாவு ஒரு டப்பா. வாளிக்கு அடியில் என் பெயரும் வீட்டு எண்ணும். வாளியைத் திருப்பினால்தான் தெரியும். த்ரில்லுக்கு என்ன குறை?

சான்ஹோசே_விஜி: ப்ளே-டோவில் கோதுமை இருக்கிறது. கோதுமையும் ஒவ்வாமைப் பட்டியலில் உண்டு, தெரியுமில்லையா?

ஃப்ரிஸ்கோ_பாலா: அப்படிப் போடுங்க விஜி! போன நவராத்திரிக்கு இதே இடத்தில் வேர்க்கடலைச் சுண்டல் ரெசிப்பி போட்டதும் மீனா மேடம்தான். நான் உப்பு அதிகம்னு சொன்னதுக்கு வரிஞ்சு கட்டிட்டு வந்தாங்க. அந்தக் கோபம்தான் இங்க வந்து நிக்குது.

எடிசன்_மீனா: கொலுவுக்கு வருகிறவர் என் கண்முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறார். "வேர்க்கடலைச் சுண்டல், சாப்பிடுவீங்களா" என்று கேட்டுத்தான் கிண்ணத்தை நீட்டுகிறேன். பெயரில்லாத கூடைக்கு வாய் இருக்கிறதா? ப்ளே-டோவை டப்பாவோடு வைக்கிறேன், எழுதியது எழுதியபடியே இருக்கிறது. சுண்டலுக்கு உப்பும் சரியாகத்தான் இருந்தது.

ஃப்ரிஸ்கோ_பாலா: வருஷத்தில் ஒரு நாள் பிள்ளைங்க சந்தோஷமா இருந்தா உங்களுக்குப் பொறுக்கலை. 2024ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே அக்டோபர் 31. அன்னிக்குத் தெரு முழுக்க லட்டு கொடுத்தோமே, முந்திரி இல்லையா அதில்? அப்ப எங்க போனீங்க?

எடிசன்_மீனா: முந்திரி வேறு, வேர்க்கடலை வேறு. லட்டை யார் கொடுத்தது என்று வாங்கினவருக்குத் தெரியும். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், அந்தக் கூடையில் வேர்க்கடலை போடுவீர்களா, மாட்டீர்களா?

ஃப்ரிஸ்கோ_பாலா: போடுவேன். பேரும் எழுத மாட்டேன்.

ஸ்கார்பரோ_தர்ஷன்: ரக்கூனுக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. மூடி போட்ட தகர டின்னிலை வைச்சாலும் திறக்குது.

சான்ஹோசே_விஜி: மெயில்பாக்ஸ் விஷயத்துக்கு பாலா சார் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதையும் எல்லோரும் கவனிக்கவும்.