குரோஷாவில் ஆவுளியா பொம்மை: புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கண்ணிக் கணக்கு வேண்டும்

மண்டபம் நூல்பை

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் எங்கள் மகளிர் குழுவில் சிலர் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) பழகுகிறோம். சங்கிலி, சிங்கிள் என்ற அடிப்படைக் கண்ணிகள் கைக்கு வந்துவிட்டன. மேஜிக் ரிங் (முதல் சுற்றைப் போட்டு இழுத்து இறுக்குகிற நூல் வளையம்) இன்னும் தடுமாற்றம்தான். ராமேஸ்வரம் வருகிறவர்களுக்கு விற்கக் கடல் உயிர் பொம்மை ஒன்று செய்ய எண்ணம். டால்பினும் ஆமையும் எங்கு பார்த்தாலும் இருக்கின்றன, ஆவுளியா (கடற்பசு) செய்தால் நம் கடலுக்கென்று இருக்கும்.

இணையத்தில் ஆவுளியாவுக்குப் பின்னல் மாதிரி கிடைக்காமல், அதன் வெளிநாட்டு உறவான மனாட்டியின் மாதிரியை வைத்துப் பின்னினோம். பஞ்சு கண்ணிக்கு நடுவில் தெரிகிறது. உடம்பு உருளைக்கிழங்கு போல நிற்கிறது, முகம் கீழ்நோக்கி இறங்கவே இல்லை. ஆளுக்கொரு கண்ணிக் கணக்கு வருகிறது. நூல் 8 ப்ளை மில்க் காட்டன், ஊசி 4 மி.மீ. எதை மாற்ற வேண்டும்?

கீழக்கரை குரோஷா

முதலில் ஊசியை மாற்றுங்கள். நூல் பந்தின் சீட்டில் போட்டிருக்கும் ஊசி அளவு சட்டை, சால்வைக்கு. அங்கே துணி தளர்ந்து விழ வேண்டும். பொம்மைக்கு இறுக்கம் வேண்டும். 8 ப்ளைக்கு 2.5 அல்லது 3 மி.மீ. எடுங்கள். பின்னியதை விரலில் மாட்டி இழுத்துப் பாருங்கள், தோல் தெரிந்தால் பஞ்சும் தெரியும்.

மாதிரி பிரிட்டிஷ் முறையில் எழுதியதா என்றும் பாருங்கள். அவர்கள் 'டபுள்' என்று எழுதுவதுதான் அமெரிக்க முறையில் 'சிங்கிள்'. அது தெரியாமல் அமெரிக்க டபுளைப் போட்டால் கண்ணி உயரமாகி ஓட்டை விழும். நான் கீழே சிங்கிள் என்பது அமெரிக்க முறை. இன்கிரீஸ் என்றால் ஒரே கண்ணியில் 2 சிங்கிள், டிக்ரீஸ் என்றால் 2 கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்குவது.

உடம்பை மூக்கிலிருந்து வாலுக்கு, சுற்றை மூடாமல் சுருளாகவே பின்னுங்கள்:

சுற்று 1: மேஜிக் ரிங்கில் 6 சிங்கிள் (6)
சுற்று 2: எல்லாக் கண்ணியிலும் இன்கிரீஸ் (12)
சுற்று 3: (1 சிங்கிள், 1 இன்கிரீஸ்) × 6 (18)
சுற்று 4: (2 சிங்கிள், 1 இன்கிரீஸ்) × 6 (24)
சுற்று 5 முதல் 7: சும்மா சிங்கிள் (24)
சுற்று 8: 12 சிங்கிள், பிறகு (1 சிங்கிள், 1 இன்கிரீஸ்) × 6 (30)
சுற்று 9: 12 சிங்கிள், பிறகு (2 சிங்கிள், 1 இன்கிரீஸ்) × 6 (36)
சுற்று 10 முதல் 19: சிங்கிள் (36)
சுற்று 20: (4 சிங்கிள், 1 டிக்ரீஸ்) × 6 (30)
சுற்று 21, 22: சிங்கிள் (30)
சுற்று 23: (3 சிங்கிள், 1 டிக்ரீஸ்) × 6 (24)
சுற்று 24, 25: சிங்கிள் (24)
சுற்று 26: (2 சிங்கிள், 1 டிக்ரீஸ்) × 6 (18)
சுற்று 27, 28: சிங்கிள் (18)
சுற்று 29: (1 சிங்கிள், 1 டிக்ரீஸ்) × 6 (12)
சுற்று 30, 31: சிங்கிள் (12)

நீங்கள் கேட்ட முகம் 8, 9-ஆம் சுற்றுகளில்தான் இருக்கிறது. இன்கிரீஸைச் சுற்றிலும் சமமாகப் பரப்பினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உப்பும், மூக்கு நேராக நிற்கும். இங்கே முதல் 12 கண்ணி வயிறு, அதைத் தொடுவதே இல்லை. கூடுகிற 12 கண்ணியும் முதுகுப் பக்கம் போகின்றன. முதுகு மேலே எழும்ப, முகம் தானாகக் கீழே சாயும். ஆவுளியா கடலடியில் கடற்புல் மேய்கிற விலங்கு, அதன் வாய் தரையைப் பார்த்துத்தான் இருக்கும். அந்தச் சாய்வு வராவிட்டால் பார்க்கிறவர்கள் சீல் என்பார்கள்.

கணக்கு மாறுவதற்குக் காரணம் அநேகமாகச் சுற்றின் முதல் கண்ணியைத் தவறவிடுவது. வேறு நிற நூல் துண்டு ஒன்றை ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் போட்டு, சுற்று முடிந்ததும் மேலே நகர்த்துங்கள். இன்கிரீஸ், டிக்ரீஸ் வருகிற சுற்றை முடித்ததும் எண்ணிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும். ஒன்று குறைந்தால் அந்தச் சுற்றை மட்டும் பிரித்தால் போதும், நாலு சுற்று தாண்டிக் கண்டுபிடித்தால் நாலும் போகும்.

டிக்ரீஸில் ஓட்டை வந்தால், இரண்டு கண்ணியின் முன்பக்க இழையை மட்டும் ஊசியில் எடுத்து ஒன்றாக முடியுங்கள். குறைத்த இடமே தெரியாது.

இந்த அளவுக்கு உடம்பு சுமார் 15 செ.மீ. வரும். 50 கிராம் பந்து ஒன்று தாராளம்.

பாம்பன் பின்னல்

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் மேஜிக் ரிங்கே தடுமாறுகிறவர்களை நேராக ஆவுளியாவில் இறக்க வேண்டாம். முதலில் கடல் அட்டை ஒன்று பின்னச் சொல்லுங்கள். 6, 12, 18 என்று மூன்று சுற்று, பிறகு 22 சுற்று 18-லேயே, பஞ்சு வைத்து 12, 6 என்று குறைத்து நூலை இழுத்து மூடினால் முடிந்தது. முதுகில் கறுப்பு நூலில் முடிச்சுத் தையலாகப் புள்ளி வையுங்கள். முகம், கை, கால் ஒட்டுகிற வேலையே இல்லை, கோணல் வந்தாலும் அட்டைக்கு அழகுதான். இறுக்கமும் எண்ணிக்கையும் இதிலேயே படிந்துவிடும். ஆவுளியா போலவே கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது (2001 முதல்), ஆகவே விற்கும்போது இரண்டையும் ஜோடியாக வைக்கலாம்.

எந்தப் பக்கம் வெளியே என்பதையும் கவனியுங்கள். 'V' வரிசை தெரிகிற பக்கம்தான் வெளிப்பக்கம். பழகும்போது பலருக்கும் கிண்ணம் உள்பக்கமாகச் சுருண்டு, குறுக்குக் கோடு வெளியே வந்துவிடும். நாலாவது சுற்றிலேயே திருப்பிவிடுங்கள்.

வலை முடிகிற கை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. நூல் தீர்ந்தால் முடிச்சுப் போட்டுச் சேர்க்கத் தோன்றும். போடாதீர்கள், பஞ்சு வைத்ததும் முடிச்சு வெளியே துருத்தும். பழைய நூலில் கடைசிக் கண்ணியை முடிக்க ஒரு இழுப்பு மீதி இருக்கும்போதே புது நூலால் இழுத்து முடித்து, இரண்டு நுனியையும் உள்ளே விடுங்கள். நைலான் வலை நூலும் வேண்டாம், வழுக்கும், கண்ணி இறுகி நிற்காது.

தொண்டிக்கரை

வாலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! மனாட்டி மாதிரியில் நீங்கள் மாட்டிக்கொண்ட இடம் அதுதான். மனாட்டிக்கு வால் வட்டத் துடுப்பு. அது அமெரிக்க, மேற்கு ஆப்பிரிக்கக் கரைகளில் வாழ்வது, நம் கடலில் கிடையாது. ஆவுளியாவுக்கு வால் டால்பினுக்கு இருப்பதுபோல நடுவில் பிளந்து இரண்டு மடலாக இருக்கும். முதுகில் துடுப்பும் கிடையாது, அழகுக்கு என்று ஒன்றை ஒட்டிவிடாதீர்கள்.

ஒரு மடல்: 6, (1 சிங்கிள், 1 இன்கிரீஸ்) × 3 = 9, (2 சிங்கிள், 1 இன்கிரீஸ்) × 3 = 12, இரண்டு சுற்று 12, பிறகு (2 சிங்கிள், 1 டிக்ரீஸ்) × 3 = 9, (1 சிங்கிள், 1 டிக்ரீஸ்) × 3 = 6. பஞ்சு வேண்டாம். இரண்டு செய்யுங்கள். முன்கைத் துடுப்பு: 6, 9, நாலு சுற்று 9, மறுபடி 6. அதுவும் இரண்டு.

சுற்று 31 முடிந்ததும் உடம்பின் வாயை அமுக்கி, இரண்டு பக்கத்தையும் சேர்த்து 6 சிங்கிள் போட்டு மூடுங்கள். இங்கேதான் பெரும்பாலும் தவறு நடக்கும். மீனின் வால் நெட்டாக நிற்கும், ஆவுளியாவின் வால் படுக்கையாக, மேலும் கீழும் அடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அதனால் வயிறும் முதுகும் ஒட்டும்படி அமுக்க வேண்டும். சுருளாகப் பின்னும்போது கண்ணிகள் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் சாய்ந்துகொண்டே போவதால், சுற்று முடிகிற இடம் சரியாக விலாவில் விழாது. அடையாள நூலை நம்பாதீர்கள். பொம்மையை மேசைமேல் வயிறு கீழாக வைத்து, விலா வரும் வரை இன்னும் ஒன்றிரண்டு சிங்கிள் போட்டுப் பிறகு மூடுங்கள். முன்கைகளையும் அப்படியே முகத்தை நேராகப் பார்த்து, 11-ஆம் சுற்றுக்கும் 13-ஆம் சுற்றுக்கும் இடையில், வயிறு தொடங்குகிற விளிம்பில் குண்டூசி குத்திப் பார்த்த பிறகு தையுங்கள். தைத்து முடித்ததும் குண்டூசிகளை எண்ணி எடுத்துவிடுங்கள்.

பஞ்சு: ரெக்ரான் (பாலியஸ்டர் பஞ்சு) சுமார் 25-30 கிராம். 26-ஆம் சுற்றுக்கு முன்பே பெரும்பகுதியைத் திணித்துவிட வேண்டும், அப்புறம் விரல் போகாது. மூக்கில் கெட்டியாக, வயிற்றில் நிதானமாக, கடைசி மூன்று சுற்றில் ஒன்றுமே வேண்டாம். இலவம் பஞ்சு மலிவு, ஆனால் இழை கண்ணி வழியே பறக்கும், துவைத்தால் கட்டிதட்டும். வெட்டுத்துணி கனக்கும், முண்டும் முடிச்சுமாகத் தெரியும்.

நம் உப்புக் காற்றில் இரும்பு ஊசி துருப்பிடித்து வெளிர் நூலில் கறை வைக்கும். அலுமினிய ஊசி வாங்குங்கள்.

மண்டபம் நூல்பை

ரொம்ப நன்றி, முகமும் வாலும் இப்போது புரிகிறது. கண்ணுக்குக் கடையில் விற்கிற பிளாஸ்டிக் கண் போடலாமா? மடல் இரண்டையும் தைத்தால் நடுவில் பிளவு மறைந்துவிடாதா? பொம்மையில் கட்டுகிற சீட்டில் "பாக் விரிகுடா கடற்பசு பாதுகாப்பகம், இராமநாதபுரம்" என்று அச்சிடலாம் என்கிறார்கள். விற்க ஏதாவது அனுமதி வேண்டுமா?

தொண்டிக்கரை

மடல்களின் 6 கண்ணி முனையைத் தட்டையாக்கினால் 3 கண்ணி அகலம். மூடிய 6 கண்ணி விளிம்பில் இடப்பக்கம் 3, வலப்பக்கம் 3 என்று சரியாக உட்காரும். முனையை மட்டும் தையுங்கள், மடல்களை ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள். லேசாக வெளிப்பக்கம் சாய்த்துத் தைத்தால் பிளவு நன்றாகத் தெரியும்.

சீட்டில் அப்படிப் போடாதீர்கள். அந்தப் பாதுகாப்பகம் 2022-இல் அறிவித்தது, 448 சதுர கி.மீ., தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதி, இராமநாதபுரம் அதில் இல்லை. உங்களுக்குச் சொந்தமாகச் சொல்ல மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா இருக்கிறதே, 1986 முதல், 21 தீவுகள். அதைப் போடுங்கள்.

கீழக்கரை குரோஷா

பிளாஸ்டிக் கண் வேண்டாம். யார் வாங்கி எந்த வயதுக் குழந்தைக்குக் கொடுப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. பின்னல் தளர்ந்தால் கண் கழன்று வாய்க்குள் போகும். கறுப்பு நூலில் 7-ஆம் சுற்றில், இரண்டு விலாவிலும், ஒரே கண்ணிமேல் மூன்று நாலு தடவை தைத்தால் போதும். ஆவுளியாவுக்குக் கண் சிறியதுதான். மூக்குத் துளை மூக்கின் மேல்பக்கம், 3-ஆம் சுற்றில் இரண்டு குட்டித் தையல்.

விற்பனைக்கு: 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினைப் பொருட்கள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. குழுவில் பின்னுகிற ஒவ்வொருவரும் அந்தப் பதிவுக்கான கைவினைஞர் அட்டைக்கு விண்ணப்பியுங்கள். குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு இருப்பது மட்டும் இதற்குப் போதாது.

அடர் நிற நூல் வாங்கினால் பின்னுவதற்கு முன்பே ஒரு முழம் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்தப் பந்து பொம்மைக்கு வேண்டாம்.