டெக்சாஸ்: ஜிடி (கிஃப்டட் அண்ட் டேலண்டட், திறமை மிகுந்த பிள்ளைகளுக்கான) வகுப்பை நிறுத்தப் போகிறார்களாம், மனுவில் கையெழுத்துப் போடலாமா? அவசரம்

காவேரிக்கரை:
வணக்கம். டல்லாஸ் பக்கம் புதிதாக வந்திருக்கிறோம், பெட்டி கூட முழுசாகப் பிரிக்கவில்லை. நேற்று இரவு பள்ளியிலிருந்து மெயில். பட்ஜெட் இல்லையாம், ஜிடி ப்ரோக்ராமை மறுபரிசீலனை செய்கிறார்களாம், திங்கட்கிழமை பள்ளி போர்டு மீட்டிங். வாட்ஸ்அப் குரூப்பில் மாநில அரசு நிதி கொடுக்க வேண்டும் என்று ஒரு மனு சுற்றுகிறது, ஒரு அம்மா என்னை மீட்டிங்கில் பேசவும் சொல்கிறார். வீட்டுக்காரர் எச்-1பி வேலை விசா, நான் அவரைச் சார்ந்த எச்-4. இந்தப் பள்ளிக்காகத்தான் இவ்வளவு வாடகைக்கு லீஸ் போட்டோம். கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா? யாராவது சொல்லுங்கள்.

பிட்ஸ்பர்க்வாசி:
மனுவெல்லாம் எதற்கு? எழுத்தில் ஜிஐஇபி (கிஃப்டட் பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்) கேளுங்கள், தராவிட்டால் ஹியரிங் (முறையீட்டு விசாரணை) போடுங்கள், நல்ல வக்கீலாகப் பாருங்கள். எங்கள் மகளுக்கு அப்படித்தான் வாங்கினோம். விடாதீர்கள்.

நெல்லைச்சீமை:
தங்கச்சி, முதல் வருஷம் எல்லாருக்கும் இப்படித்தான். நாங்கள் மிச்சிகனில் இறங்கியது ஜனவரியில். கார் இல்லை, லைசென்ஸ் இல்லை, அரிசி மூட்டையைப் பனியில் இழுத்துக்கொண்டு வந்த கதை தனி. ஜிடி என்றால் என்ன என்றே எங்களுக்குத் தெரியாது. பையன் இன்று நன்றாகத்தான் இருக்கிறான். முதலில் ஒரு நல்ல டாக்டரைப் பிடியுங்கள், குழந்தைக்குத் தடுப்பூசிச் சான்று எல்லாம் சரியாக இருக்கிறதா?

கோவைக்காரன்_ஆஸ்டின்:
எச்-4-இல் இருந்துகொண்டு அரசுக்கு எதிராக எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். க்ரீன் கார்டு வரட்டும், அப்புறம் பேசலாம்.

மல்லிகை77:
க்ரீன் கார்டா? அது வரும்போது பிள்ளை காலேஜ் முடித்திருப்பான் அண்ணா. பள்ளிக்கு நிதி கேட்பது அரசுக்கு எதிரானதா? இதே டெக்சாஸிலிருந்து போன வழக்கில்தான் 1982-இல் உச்ச நீதிமன்றம், ஆவணமே இல்லாத பிள்ளைக்கும் இலவசப் பள்ளிப்படிப்பை மறுக்கக் கூடாது என்று சொன்னது. நீங்கள் முறையாக விசாவில் வந்தவர். தைரியமாகப் போடுங்கள்.

வீட்டுவரி_வெறுப்பன்:
நிதி நிதி என்கிறீர்கள், யார் பணம்? இன்கம் டாக்ஸ் இல்லை என்று ஆசைப்பட்டு வந்தால் வீட்டுவரியில் உருவி விடுகிறார்கள். அதிலும் வசதியான பள்ளி டிஸ்ட்ரிக்ட் என்றால் ராபின் ஹுட் என்று ஒரு பங்கை மாநிலம் எடுத்துக்கொள்ளும். கடைசியில் நம் பள்ளியில் பற்றாக்குறை.

மல்லிகை77:
அது கஷ்டப்படும் டிஸ்ட்ரிக்ட் பிள்ளைகளுக்குப் போகிறது. அதையும் கேவலமாகப் பேச வேண்டாம்.

பெயர்_வேண்டாம்:
உண்மையைச் சொன்னால் கோபம் வரும். ஜிடியைக் கெடுத்ததே நம் ஆட்கள்தான். ஜிடிக்கு ஆள் எடுக்கும் காக்னிட்டிவ் (யோசிக்கும் திறன்) டெஸ்ட்டுக்கு ஐந்து வயசுப் பிள்ளையை கோச்சிங்குக்கு அனுப்புகிறார்கள். பாஸானதும் ஃபேஸ்புக்கில் கேக் வெட்டுகிறார்கள்.

வீட்டுவரி_வெறுப்பன்:
ஊரில் எல்கேஜி இன்டர்வியூவுக்கே கோச்சிங் கொடுத்த பரம்பரை, வேறென்ன செய்யும்.

பழைய_பிளேனோ:
கேக்கை விடுங்கள், திங்கட்கிழமைக்கு அதிக நாள் இல்லை. காவேரிக்கரை, நீங்கள் முக்கியமான எதையும் சொல்லவில்லை. பிள்ளை எந்த வகுப்பு? ஜிடி என்று ஏற்கெனவே தேர்வாகிவிட்டானா? மெயிலில் "நிறுத்துகிறோம்" என்றே இருக்கிறதா?

பிட்ஸ்பர்க்வாசி சொன்னது பென்சில்வேனியா சட்டம், இங்கே ஜிஐஇபி கிடையாது. ஊனம் உள்ள பிள்ளைகளுக்கு நாடு முழுக்க ஃபெடரல் சட்டம் இருக்கிறது, கிஃப்டட் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இல்லை. 1988-இன் ஜேவிட்ஸ் சட்டம் ஆராய்ச்சிக்கும் முன்மாதிரித் திட்டங்களுக்கும் மானியம் தருகிறது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் மாநிலம் வைத்தது சட்டம்.

டெக்சாஸில் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் எல்லா வகுப்பிலும் ஜிடி ப்ரோக்ராம் நடத்தியே ஆக வேண்டும். அதனால் மூடிவிட முடியாது, ஆனால் மெலிய வைக்க முடியும். தனி டீச்சரை எடுத்துவிட்டு, வழக்கமான வகுப்பு டீச்சரே பார்த்துக்கொள்வார் என்பார்கள். மெயிலில் அதுதான் இருக்கும் என்று என் ஊகம்.

பணக் கதை தனி. முன்பு ஜிடி பிள்ளைக்கு, மாநிலம் பிள்ளை ஒன்றுக்குத் தரும் அடிப்படைத் தொகையில் 12 சதவீதம் கூடுதலாக வந்துகொண்டிருந்தது. 2019-இல் எச்பி 3 என்ற மாநிலச் சட்டம் அந்தத் தனி ஒதுக்கீட்டை எடுத்துவிட்டது. பெற்றோரும் டிஏஜிடி என்ற டெக்சாஸ் கிஃப்டட் கல்விச் சங்கமும் விடாமல் கேட்டு 2021-இல் திரும்ப வந்தது, ஆனால் 7 சதவீதமாக. பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 430 டாலர் சொச்சம். அதுவும் டிஸ்ட்ரிக்ட்டின் மாணவர்களில் 5 சதவீதம் வரைதான். நம் பக்கத்து ஊர்களில் ஜிடி பிள்ளைகள் அதைத் தாண்டினால், மேலே உள்ளவர்களுக்குப் பைசா கிடையாது.

ஆக உங்கள் மனு கேட்பது மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் முடிவாகிற விஷயம். சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டு ஜனவரியில் கூடி 140 நாளில் கலைந்துவிடும், அந்த நேரத்தில் கல்விக் கமிட்டி முன்னால் போய் நிற்க வேண்டும். திங்கட்கிழமை போர்டுக்கு அந்த 5 சதவீதத்தை மாற்ற அதிகாரம் இல்லை. டீச்சரை வைத்திருப்பதா இல்லையா என்பதுதான் அவர்கள் கையில். மனுவில் போடுங்கள், மீட்டிங்கில் மட்டும் டீச்சரைப் பற்றிக் கேளுங்கள். இரண்டுக்கும் குடியுரிமை தேவையில்லை. தேர்தல் நன்கொடைதான் விசாவில் இருப்பவர்கள் கொடுக்கக் கூடாது, ஓட்டும் கிடையாது.

காவேரிக்கரை:
ரொம்ப நன்றி அண்ணா. பையன் இரண்டாம் வகுப்பு. இன்னும் டெஸ்ட் எழுதவில்லை, சென்னையில் டபுள் ப்ரமோஷன் தருவதாகச் சொன்னார்கள், அந்த ரிப்போர்ட்டைக் கொடுத்தால் போதும் என்று இருந்தோம். மெயிலில் "ஸ்டாஃபிங்" (ஆள் நியமனம்) என்றுதான் இருக்கிறது, இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன்.

பிட்ஸ்பர்க்வாசி:
டெஸ்ட்டே எழுதவில்லையா!

பழைய_பிளேனோ:
அப்படியானால் மனுவை விட அவசரம் ரெஃபரல் ஃபார்ம் (ஜிடி டெஸ்ட்டுக்குப் பையனைப் பரிந்துரைக்கும் படிவம்). ஆண்டுக்கு ஒரு முறையாவது டெஸ்ட் வைக்க வேண்டும் என்பது விதி, ஆனால் விண்ணப்பக் கடைசித் தேதி டிஸ்ட்ரிக்ட்டுக்கு டிஸ்ட்ரிக்ட் மாறும், தவறினால் அடுத்த ஆண்டுதான். நாளை காலையே பள்ளிக் கவுன்சிலருக்கு (மாணவர் ஆலோசகர்) எழுதுங்கள். சென்னை ரிப்போர்ட்டையும் இணையுங்கள், அது மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். பையன் இங்கிலீஷில் தடுமாறினால், அவனுக்குப் புரியும் மொழியிலோ சொல் இல்லாத படப் புதிர் டெஸ்ட்டிலோ பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், மாநில விதியிலேயே இருக்கிறது. கிடைக்காவிட்டால் அப்பீல் உண்டு.

பேசுவதென்றால் போர்டு பக்கத்தில் பெயர் பதிவு செய்யும் நேரம் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் மீட்டிங்குக்கு முன்பே முடிந்துவிடும். இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.