குடிமகனே இல்லாதவருக்கு அமெரிக்காவின் உயர்ந்த ராணுவப் பதக்கமா?

மணல்வீடு:
டிபோர் ரூபின் என்று ஒருவர், ஹங்கேரியில் பிறந்த யூதர். கொரியப் போரில் செய்ததற்காக 2005-ல்தான் மெடல் ஆஃப் ஹானர் கொடுத்திருக்கிறார்கள். போர் நின்றதே 1953-ல். படையில் சேரும்போது அவர் அமெரிக்கக் குடிமகன்கூட இல்லையாம். அப்படிச் சேர முடியுமா? பதக்கத்தை ஏன் இத்தனை வருஷம் இழுத்தடித்தார்கள்?

பழைய ரேடியோ:
சேரலாம், இன்றைக்கும் கிரீன் கார்டு இருந்தால் போதும். அவருக்கு முட்டுக்கட்டையாக இருந்தது இங்கிலீஷ்தான். 1949-ல் தேர்வில் ஃபெயில், 1950-ல் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் புண்ணியத்தில் பாஸ் (நம்ம ஊர்ப் பரீட்சை ஹால் ஞாபகம் வருகிறதா?). 1945 மே மாதம் நாஜிகளின் மௌத்ஹவுசன் வதைமுகாமிலிருந்து அவரை மீட்டது அமெரிக்கப் படை, அப்போது வயது 15. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் ராணுவத்துக்குப் போனார். தாமதத்துக்கு வருவோம். யூதர் என்பதாலேயே அவரைக் கண்டால் ஆகாத ஒரு சார்ஜென்ட், உயிர் போகிற வேலைக்கெல்லாம் அவரைத்தான் அனுப்புவாராம். பதக்கத்துக்கு எழுதச் சொன்ன மேலதிகாரிகள் போரிலேயே செத்துப்போனார்கள், சார்ஜென்ட் காகிதத்தை நகர்த்தவே இல்லை. கூட இருந்த வீரர்கள் பின்னால் எழுதிக் கொடுத்த வாக்குமூலங்களில் இதெல்லாம் இருக்கிறது. யூத வீரர்களின் கோப்புகளை மறுபடி பாருங்கள் என்று சட்டம் வந்த பிறகுதான் கதவு திறந்தது.

கோடைமழை:
ஒரு மலையைத் தனி ஆளாக 24 மணி நேரம் காத்தார் என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அதைவிடப் பெரியது அதற்கப்புறம் நடந்தது. 1950 கடைசியில் வட கொரியாவின் உன்சானில், அந்த நாட்டுக்காகச் சண்டையிட்ட சீனர்களிடம் பிடிபட்டு இரண்டரை வருஷம் கைதி. ஹங்கேரிக்கே அனுப்பிவிடுகிறோம் என்று அவர்களே சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டார். ராத்திரியில் முகாமை விட்டு நழுவி எதிரியின் கிடங்கிலிருந்து சாப்பாடு திருடி வந்து நோயாளிகளுக்குக் கொடுப்பார், மாட்டினால் அங்கேயே சுட்டிருப்பார்கள். சுமார் 40 பேர் அவரால் பிழைத்தார்கள். பசியில் எப்படி உயிரோடு இருப்பது என்று அவருக்கு மௌத்ஹவுசனிலேயே தெரிந்திருந்தது.

மணல்வீடு:
சரி, குடியுரிமை எப்போது கிடைத்தது?

பழைய ரேடியோ:
கொரியாவிலிருந்து திரும்பிய பிறகு, 1953-ல். பதக்கம் வாங்கும்போது வயது 76. எல்லோருக்கும் இந்த அளவுகூட வாய்க்கவில்லை. முதல் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திண்ட் என்ற இந்தியருக்கு 1918-ல் குடியுரிமை கொடுத்து, வெள்ளையர் இல்லை என்று நாலே நாளில் பிடுங்கினார்கள். மறுபடி வாங்கியதும் நிலைக்கவில்லை, 1923-ல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. நிரந்தரமாகக் கிடைத்தது 1936-ல்தான்.