டிவி நடுவில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு

பாலைவனத்தில் வண்டிகள் துரத்தும் ஆக்‌ஷன் படமான 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' 2015-இல் வந்தபோது அண்ணா சாலையில் ஒரு தியேட்டரில் பார்த்தேன். பைக்கை எடுக்கும்போதும் காதில் அந்த வண்டிகளின் உறுமல் அடங்கவில்லை. அன்றிலிருந்து எனக்குப் பிடித்த படம் அதுதான். ஏன் என்று மட்டும் யோசித்ததே இல்லை.

போன மாதம் அது உருவான கதையைப் படித்தேன். நான் சாலிகிராமத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். மூன்று கேமராவில் பன்னிரண்டு மணி நேர ஃபுட்டேஜ் வந்தாலே எனக்குத் தலை சுற்றும். எடிட்டர் மார்கரெட் சிக்ஸலிடம் வந்து சேர்ந்தது 480 மணி நேரம்! அதற்கு முன் அவர் ஆக்‌ஷன் படமே எடிட் செய்ததில்லை. இரண்டு மணி நேரப் படத்தில் சுமார் 2,700 கட், அதாவது அத்தனை முறை ஷாட் மாறுகிறது. 2016-இல் ஆஸ்கர் வாங்கினார். வாங்காமல் இருந்திருந்தால்தான் அநியாயம்.

இவ்வளவு கட் இருந்தும் நமக்கு ஏன் குழப்பமே வருவதில்லை? முக்கியமானது எதுவோ அது ஃபிரேமின் நடுவிலேயே இருக்க வேண்டும் என்று இயக்குநர் ஜார்ஜ் மில்லர் கேமராமேன் ஜான் சீலிடம் கேட்டிருக்கிறார். ஷாட் மாறினாலும் கண் தேடி அலைய வேண்டியதில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க, மகளிடம் ஒரு ஸ்டிக்கர் பொட்டு வாங்கி டிவியின் நட்ட நடுவில் ஒட்டினேன். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். எல்லா ஷாட்டும் அப்படி இல்லை. ஆனால் துரத்தல் சூடுபிடித்ததும் முகம், துப்பாக்கி, ஸ்டியரிங் எல்லாம் அந்தப் பொட்டுக்குப் பின்னாலேயே வந்து வந்து போயின. "அப்பா, பொட்டை விட்டு யாருமே நகரலப்பா!" என்றாள்.

ஓடும் வண்டிகளில் நீளக் கம்பத்தின் உச்சியில் ஆட்கள் ஊசலாடும் காட்சியை அன்றைக்கு கிராஃபிக்ஸ் என்றே நினைத்திருந்தேன். நமீபியா பாலைவனத்தில் நிஜ ஆட்களை நிஜமாகவே ஆடவிட்டு எடுத்திருக்கிறார்கள். கம்பத்தின் அடியில் எடை கட்டியிருப்பதால்தான் அப்படிச் சாய்ந்து நிமிர்கிறது. தெரிந்த பிறகு பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. அப்புறம் படத்தில் நீல நிறத்தில் வரும் அந்த இரவுக் காட்சி, அது பட்டப்பகலில் எடுத்தது. படத்தை நிறுத்தி மகளுக்குக் காட்டினேன். ராத்திரிக் காட்சியில் சேற்று நிலத்தில் வெயிலின் நிழல்!

மறுநாள் கையில் இருந்தது ஒரு முகூர்த்தம். மூன்று கேமராவிலும் தாலி மூன்று மூலையில் கிடந்தது. நல்லவேளை, 4கே ஃபுட்டேஜ், பெரிதாக்கினாலும் அவ்வளவாக மங்காது. ஒவ்வொரு ஷாட்டையும் பெரிதாக்கி, தாலி முடிச்சை நடுவுக்கு இழுத்தேன். கெட்டிமேளம் முழங்கும் நேரத்துக்குள் எட்டு கட் வைத்தேன். போட்டுப் பார்த்தபோது கண் முடிச்சை விட்டு விலகவே இல்லை.