ஆபரேஷனுக்கு முன் மார்பில் கம்பி வைப்பது வலிக்குமா?

வைகைக்கரை:
அம்மாவுக்கு 57 வயது. மேமோகிராமில் இடது மார்பில் உப்புத்தூள் சிந்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. பயாப்ஸியில் டிசிஐஎஸ், அதாவது பால்குழாயைத் தாண்டிப் பரவாத ஆரம்பநிலைப் புற்று என்று வந்துவிட்டது. கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. வியாழக்கிழமை ஆபரேஷன். அன்று காலையில் மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே செலுத்தி, அதோடுதான் தியேட்டருக்கு அனுப்புவார்களாம். அதைக் கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. யாராவது செய்துகொண்டிருக்கிறீர்களா?

புங்கமரம்:
நான் செய்துகொண்டேன் தங்கச்சி, இரண்டு வருடம் ஆகிறது. கைக்கே தட்டுப்படாத இடத்தைச் சர்ஜன் எப்படித் தேடுவார்? அந்தக் கம்பிதான் அவருக்கு வழி.

உட்காரவைத்து மார்பை மேமோகிராம் மெஷினின் தட்டுகளுக்கு நடுவில் அழுத்தினார்கள். மேல்தட்டில் ஒரு திறப்பு, அதன் ஓரங்களில் எழுத்தும் எண்ணும். படத்தில் புள்ளி எந்த எழுத்துக்கும் எண்ணுக்கும் நேராக இருக்கிறதோ அங்கே ஊசி இறங்கும். மரத்துப்போக முதலில் போடும் ஊசி சுருக்கென்றது, அப்புறம் அழுத்தம் மட்டும்தான். ஊசிக்குள்தான் கம்பி இருக்கிறது. ஊசியை உருவியதும் கம்பியின் நுனி கொக்கிபோல விரிந்து பிடித்துக்கொள்ளும்.

முதல்நாள் இரவிலிருந்து வெறும் வயிறு, எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அம்மாவுக்கு அப்படி வந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள், படுக்கவைப்பார்கள். கம்பியின் மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்று எனக்கு யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லை. குனிந்து பார்த்ததும் அழுதுவிட்டேன். அம்மாவிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

எக்ஸ்ரே_அறை:
நான் மேமோகிராம் டெக்னீஷியன். அன்று பவுடர், சென்ட் எதுவும் வேண்டாம், படத்தில் அதுவும் வெள்ளைப் புள்ளியாகவே தெரியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் டாக்டரிடம் இப்போதே சொல்லுங்கள். எடுத்த சதையையும் எக்ஸ்ரே எடுத்து, புள்ளிகளும் கம்பியும் அதில் வந்துவிட்டனவா என்று பார்ப்பார்கள். விட்டுப்போயிருந்தால் அப்போதே இன்னும் கொஞ்சம் எடுத்துவிடலாம். சில மருத்துவமனைகளில் கம்பிக்குப் பதில் அரிசியளவு காந்த விதையைச் சில நாள் முன்பே வைக்கிறார்கள். உங்கள் இடத்தில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

வைகைக்கரை:
விதை அங்கே இல்லையாம், கம்பிதான். அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு அப்படியே படித்துக்காட்டினேன். "எவ்வளவு நீளம் வெளியே இருக்கும், கேள்" என்கிறார்.

புங்கமரம்:
எனக்கு ஒரு விரல் நீளம். வளைத்து, பஞ்சுத்துணி வைத்து பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்கள். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி கொண்டுபோங்கள், தலைவழியாகப் போடுவது வேண்டாம்.